மண்ணுக்கடியில் எவ்வளவு இருக்கிறது? கனிமப் படிவுகளைத் தேடுதல், அளத்தல், மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் உள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, அதாவது டங்ஸ்டன் உலோகத்தைத் தேடி வெட்ட எல்லை வகுத்த நிலப்பரப்பு, ஏலம் போன செய்தி வந்ததிலிருந்து, நிலவியல் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எங்கள் நிலத்துக்கடியில் உண்மையில் என்ன இருக்கிறது, அதை யார் எப்படி அளந்தார்கள், அதன் விலை என்ன, அந்த விலையில் எங்கள் கிணறும் வயலும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பவையே அவை. இக்கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் தொழில்முறை அறிக்கைகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றை இயன்ற அளவு தெளிவாக இங்கே எடுத்துரைக்கிறேன்.

கனிமம் இருக்கிறது என்பதும் தாது இருக்கிறது என்பதும் ஒன்றுதானா?

இல்லை. புவியின் மேலோட்டில் சராசரியாக நூற்றுக்கு 5 பங்கு இரும்பு. உங்கள் வீட்டுக் கொல்லை மண்ணிலும் இரும்பு உண்டு, ஆனால் அதை யாரும் இரும்புத் தாது என்று சொல்வதில்லை. செம்பு, மேலோட்டில் பத்து லட்சத்தில் 60 பங்கு அளவுக்கே இருக்கிறது. அது ஏறத்தாழ நூறு மடங்கு செறிந்து, நூற்றுக்கு 0.6 பங்கு என்ற அளவை எட்டினால்தான் வெட்டியெடுப்பதைப் பற்றிப் பேசவே முடியும். இயற்கை இவ்வாறு ஓரிடத்தில் செறித்து வைத்ததைக் கனிமப் படிவு என்கிறோம். அந்தப் படிவில், செலவு போக மிச்சம் தரக்கூடிய பகுதி மட்டுமே தாது.

ஆகவே தாது என்பது பாறையின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி பக்கத்திலிருந்தும் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. இறுதியில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கியது. அதற்குள் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போயிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது தங்கம் தீர்ந்துவிடவில்லை, அதை எடுப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. செலவை ஈடுகட்டத் தேவையான மிகக் குறைந்த செறிவை வெட்டுத் தரம் என்பார்கள். சந்தை விலை, ஆழம், மின்கட்டணம், தொழில்நுட்பம் இவற்றில் எது மாறினாலும் வெட்டுத் தரம் மாறும், அதனோடு தாதுவின் அளவும் மாறும்.

தேடலை எங்கிருந்து தொடங்குகிறார்கள்?

வரைபடத்திலிருந்து. 1851இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, எந்தப் பாறை எங்கே வெளித்தெரிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே மடிந்தும் பிளந்தும் கிடக்கிறது என்பவற்றைக் களத்தில் நடந்தே பதிவு செய்திருக்கிறது. அதன்மேல் ஓடை மணலின் வேதியியல் ஆய்வு வருகிறது. மழை, மலையை அரித்து ஓடையில் சேர்ப்பதால், ஓடைப்படுகையில் எடுக்கும் ஒரு பிடி மண் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் சாட்சியாகிறது. பிறகு காந்தப்புலம், ஈர்ப்புப்புலம், மின்கடத்தும் தன்மை ஆகியவற்றை அளக்கிறார்கள். சேலத்துக் கஞ்சமலையில் காந்தக்கல் கலந்த பாறைமேல் திசைகாட்டியை வைத்தால் முள் வடக்கை மறந்து தடுமாறும். கருவிகள் எவ்வளவு நுட்பமாக வளர்ந்திருந்தாலும் காந்தப்புல ஆய்வின் அடிப்படை அந்தத் தடுமாற்றத்தை அளப்பதுதான்.

இக்கட்டத்தில் நிலத்துக்குப் பெரிய சேதம் கிடையாது. கிடைப்பதும் ஓர் ஐயம் மட்டுமே, இங்கே ஏதோ இருக்கலாம் என்ற ஐயம். இப்படிச் சந்தேகிக்கப்பட்ட இடங்களில் மிக மிகச் சிலவே பின்னர் சுரங்கமாகின்றன.

துளையிடும்போது உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி பாறையைப் பொடியாக்கித் தூசியாக வெளியே தள்ளும். கனிம ஆய்வுக்கு அது போதாது. வைரத்துகள் பதித்த வளையம் போன்ற துளைமுனை, பாறையைச் சுற்றிலும் அறுத்து, நடுவில் ஓர் உருளையை விட்டுவைக்கும். குழாய்க்குள் சிக்கிய அந்த உருளையை வெளியே எடுப்பார்கள். அதைக் கோர் என்பது வழக்கு. பரவலாகப் பயன்படும் ஓர் அளவில் அதன் விட்டம் சுமார் 48 மில்லிமீட்டர், கைக்கு அடக்கமாக இருக்கும்.

அந்தக் கோரைப் பள்ளம் பள்ளமாகத் தடுத்த பெட்டியில், வெளிவந்த வரிசை மாறாமல் அடுக்குகிறார்கள். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் ஆழம் எழுதிய ஒரு கட்டை வைக்கப்படும். 3 மீட்டர் துளைத்து 2.7 மீட்டர் கோர் மட்டுமே வந்திருந்தால் மீட்பு 90 விழுக்காடு. மிச்சம் 30 சென்டிமீட்டர் நொறுங்கி நீரோடு போயிருக்கும், சில வேளைகளில் தாது இருந்ததே அந்த நொறுங்கிய பகுதியாகவும் இருந்துவிடும். கோர்மேல் தண்ணீரைத் தெளித்தால் மங்கிக் கிடந்த நிறங்கள் துலங்கும், நிலவியலாளர் லென்சைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்து மீட்டர் மீட்டராக எழுதிக்கொண்டே போவார். டங்ஸ்டன் தேடும் இடத்தில் இன்னொரு காட்சி உண்டு. டங்ஸ்டனின் முக்கியத் தாதுவான சீலைட் பகல் வெளிச்சத்தில் குவார்ட்சைப் போல வெளிறித் தெரியும், கண் ஏமாந்துபோகும். இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால் அதே கோரில் வெளிர்நீலப் புள்ளிகள் பளிச்சென்று ஒளிரும். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி அது.

சோதனைச்சாலை முடிவுகளை நம்பலாமா?

நம்பிக்கைக்கு இடம் தரும்படி வேலை செய்திருந்தால் நம்பலாம். கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியிலேயே பாதுகாக்க வேண்டும். யாருக்கு ஐயம் வந்தாலும் அந்த மறு பாதியை எடுத்துச் சோதிக்கலாம். அனுப்பும் மாதிரிகளுக்கு நடுவே, செறிவு ஏற்கெனவே தெரிந்த மாதிரிகளையும், எதுவுமே இல்லாத வெற்று மாதிரிகளையும், ஒரே மாதிரியின் இரட்டைகளையும் அடையாளம் சொல்லாமல் கலந்து அனுப்ப வேண்டும். சோதனைச்சாலையின் தவறு அதில் வெளிப்பட்டுவிடும்.

இந்த ஒழுங்கு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் கலிமந்தான் காட்டில் நடந்த புசாங் மோசடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரீ-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம் அங்கே உலகின் மிகப்பெரிய தங்கப் படிவுகளில் ஒன்றைக் கண்டதாக அறிவித்தது. அதன் பங்குகளின் சந்தை மதிப்பு கனடிய டாலரில் 600 கோடியைத் தாண்டியது. ஆனால் அவர்கள் பாதிக் கோரை வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் அரைத்திருந்தார்கள். பிற்பாடு அந்தத் தூளை நுண்ணோக்கியில் பார்த்தபோது தங்கத் துகள்கள் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தன. ஆற்றில் உருண்டு வந்த தங்கத்துக்கே அந்த வடிவம் வரும், பாறைக்குள் உறைந்த தங்கத்துக்கு வராது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. 1997 மே மாதம் தனியார் ஆய்வாளர்களின் அறிக்கை வந்தபோது எல்லாம் முடிந்துபோயிற்று, எளிய மக்களின் சேமிப்பும் ஓய்வூதிய நிதிகளும் அதோடு போயின. தகுதியும் பொறுப்பும் உள்ள ஒருவர் கையொப்பமிட்டால்தான் கனிம அறிக்கையை வெளியிடலாம் என்ற கனடாவின் 2001ஆம் ஆண்டு விதி அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதித்தொகுப்பு அதற்கும் முந்தியது. அதன் முதல் பதிப்பு 1989இல் வந்தது.

சில துளைகளை வைத்துக்கொண்டு இத்தனை லட்சம் டன் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நீளம், தடிப்பு, ஆழம் மூன்றையும் பெருக்கிக் கன அளவைக் கண்டு, அதைப் பாறையின் அடர்த்தியால் பெருக்கினால் டன் கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பு தாங்கிய ஒரு பாறைப் பட்டை 800 மீட்டர் நீளம், 10 மீட்டர் தடிப்பு, 150 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் கன அளவு 12 லட்சம் கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 2.8 டன் என்றால் 33 லட்சத்து 60 ஆயிரம் டன் பாறை. அதில் நூற்றுக்கு 1 பங்கு செம்பு என்றால் 33,600 டன் செம்பு.

கணக்கு எளிது, எடுகோள்கள் கடினம். இரண்டு துளைகளுக்கு இடையே பட்டை தொடர்கிறதா, மெலிகிறதா, பிளவால் வெட்டுண்டு நகர்ந்திருக்கிறதா என்பதைத் துளை சொல்லாது. நிலக்கரி, சுண்ணாம்புக்கல் போன்ற படுகைகள் பரந்து சீராகக் கிடப்பதால் துளைகள் தள்ளித் தள்ளி இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் தப்பாது. தங்கமோ ஒரு மூலையில் கொத்தாகவும் அடுத்த மூலையில் சுத்தமாக இல்லாமலும் இருக்கும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்த டானி கிரிகே என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் ஒரு முக்கியமான உண்மையைக் கவனித்தார். மாதிரி மிக உயர்ந்த செறிவைக் காட்டிய பகுதிகளை வெட்டினால் கிடைத்தது எதிர்பார்த்ததை விடக் குறைவு, மாதிரி மிகத் தாழ்ந்த செறிவைக் காட்டிய பகுதிகளில் கிடைத்தது கூடுதல். ஒரு கைப்பிடி மாதிரி தன்னைச் சுற்றியுள்ள பெரும்பாறைக்கு முழுப் பிரதிநிதி ஆகாது என்பதே காரணம். அண்டை மாதிரிகளுக்கு அவற்றின் தொலைவுக்கும் உறவுக்கும் ஏற்ப எடை கொடுத்துச் சராசரி காணும் முறையைப் பிரெஞ்சுக் கணிதவியலர் ஜார்ஜ் மாதரோன் பின்னர் முறைப்படுத்தி, அதற்குக் கிரிகேயின் பெயரையே வைத்தார். கிரிகிங் எனப்படும் அம்முறை இன்று உலகெங்கும் புழங்குகிறது. மதிப்பீட்டோடு அதன் பிழையின் அளவையும் அது சேர்த்தே தருகிறது. பிழையின் அளவைச் சொல்லாத எந்த டன் கணக்கையும் நான் அரைக்கணக்காகவே கொள்வேன்.

ஜி4, ஜி3 என்றெல்லாம் அறிக்கையில் வருகிறதே, அவை என்ன?

ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாட்டுச் சட்டகத்தை இந்தியா பின்பற்றுகிறது. அதில் மூன்று அச்சுகள். ஜி என்பது நிலவியல் அறிவின் உறுதி, எஃப் என்பது தொழில்நுட்ப முறையில் எடுக்க இயலுமா என்ற ஆய்வின் நிலை, ஈ என்பது பொருளாதாரமும் சமூகமும் சுற்றுச்சூழலும் இடம் கொடுக்கின்றனவா என்பது. 2015ஆம் ஆண்டின் கனிமச் சான்று விதிகளின்படி ஜி4 முன்னோட்டப் பார்வை, ஜி3 தொடக்கநிலைத் தேடல், ஜி2 பொது ஆய்வு, ஜி1 விரிவான ஆய்வு. எண் குறையக் குறைய உறுதி கூடும்.

ஈ, எஃப், ஜி என்ற வரிசையில் மூன்று எண்களைச் சேர்த்து எழுதும்போது 111 என்றால் மூன்று அச்சிலும் தேறிய, மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு. 334 என்றால் ஏதோ இருக்கலாம் என்று முன்னோட்டப் பார்வையில் தோன்றிய வளம், அவ்வளவே. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே சொல்லால் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுகின்றன. ஓர் அறிக்கையைப் பார்த்தால் முதலில் டன் எண்ணைப் பார்க்காமல் இந்த மூன்று எண்களைப் பார்க்கும்படி எல்லோரிடமும் வலியுறுத்துவேன்.

வளம் என்பதற்கும் இருப்பு என்பதற்கும் என்ன வேறுபாடு?

மேலே சொன்ன செம்புக் கணக்கையே தொடர்வோம். 33,600 டன் என்பது வளம். சுரங்கத்தில் தூண்களாகவும் ஓரங்களாகவும் விட்டுவைக்க வேண்டிய பாறை போக 85 விழுக்காட்டை எடுக்க முடியும் என்று கொண்டால் 28,560 டன். அரைத்துப் பிரிக்கும் ஆலையில் 85 விழுக்காடு மீண்டால் சுமார் 24,280 டன். உருக்காலை அதில் 96 விழுக்காட்டுக்குப் பணம் தந்தால் சுமார் 23,300 டன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது, இத்தனைக்கும் இது தாராளமான கணக்கு. சுரங்கத் திட்டம், ஆலை, அனுமதி, நீர், நிலம், சந்தை ஆகியவற்றின் வழியே தேறி வரும் பகுதிக்கே இருப்பு என்று பெயர்.

நெய்வேலி நிலக்கரி விஷயத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

நெய்வேலியில் நீரைப் புரிந்துகொள்ளாமல் நிலக்கரியை அளக்கவே முடியாது என்பதால்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் தென்பட்டதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மணற்கல்லுக்குள் அடைபட்ட நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணை அகற்றிப் பாரத்தைக் குறைத்தால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு மேலே வரும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்ததன் பின்னால் இந்த நீரியல் அறிவு இருக்கிறது.

இந்த இறைப்பின் செலவுகள் இரண்டு. மின்சாரமும் கிணறும் பம்பும் நிறுவனத்தின் பேரேட்டில் ஏறுகின்றன. சுற்று வட்டாரத்து உழவரின் கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால், அவர் மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்கும் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைப் பார்த்துத் தமிழ்நாடே பதறியது. நிலத்தை முன்பே கையகப்படுத்தி ஆயிற்று என்பது ஆவணத்தின் பேச்சு. ஆனால் அறுவடைக்குக் காத்திருக்கும் சில வாரங்களைக் கூடத் திட்டக் காலவரிசையில் சேர்க்காத மதிப்பீட்டை முழுமையான மதிப்பீடு என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

படிவுக்குப் பண மதிப்பு எப்படிப் போடுகிறார்கள்?

டன் கணக்கைச் சந்தை விலையால் பெருக்கி ‘இத்தனை ஆயிரம் கோடி புதையல்’ என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. வயலில் நிற்கும் நெல்லுக்கு அரிசிக் கடை விலை போடுவதைப் போன்றது அது.

முறையான வழிகள் மூன்று. விரிவாக ஆராயப்பட்ட படிவுக்கு, ஆண்டுதோறும் வரப்போகும் வரவு செலவைக் கணித்து, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டுவார்கள். இதுவே நிகர நிகழ்கால மதிப்பு. ஓரளவே ஆராயப்பட்டவற்றுக்கு, அவற்றை ஒத்த படிவுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்ப்பார்கள். தேடலின் தொடக்கத்தில் இருப்பவற்றுக்கு, இதுவரை பயனுள்ள வகையில் செய்த ஆய்வுச் செலவே அடிப்படை.

முதல் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பணத்தை 10 விழுக்காட்டு விகிதத்தில் குறைத்தால், 30 ஆண்டு கழித்துச் செலவிட வேண்டிய 100 கோடி ரூபாய் இன்றைய கணக்கில் 5 கோடியே 73 லட்சமாகச் சுருங்கிவிடும். 5 விழுக்காடு என்றால் சுமார் 23 கோடி. சுரங்கத்தின் வருமானம் முதல் ஆண்டுகளில் வருகிறது. குழியை மூடுவது, கழிவு மேட்டைக் கட்டுப்படுத்துவது, நீரைச் சுத்திகரிப்பது எல்லாம் கடைசியில் வருகின்றன. விகிதத்தைச் சற்றே கூட்டினால் போதும், பேரப்பிள்ளைகள் தலையில் விழப்போகும் சுமை தாளில் காணாமல் போய்விடும். கணித முறையில் இதில் பிழை இல்லை. ஆனால் மூடல் செலவை வருமானத்தோடு சேர்த்துக் குறைக்காமல், தொடக்கத்திலேயே தனி வைப்பாகப் பிடித்துவைப்பதே நேர்மை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு முறை எடுத்தால் தீர்ந்துபோகும் பொருளை எப்படி நீடித்த முறையில் எடுக்க முடியும்?

கனிமம் நீடிக்காது, அது உண்மை. எடுத்த கனிமம் எதுவாக மாறுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. விற்ற காசு முழுவதும் அந்தந்த ஆண்டின் செலவிலேயே கரைந்தால், அடுத்த தலைமுறைக்குக் குழி மட்டும் மிஞ்சும். கோவாவின் இரும்புச் சுரங்கங்கள் குறித்த வழக்கில் 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 2 கோடி டன் என்று இடைக்கால உச்சவரம்பு விதித்ததோடு, விற்பனைத் தொகையில் 10 விழுக்காட்டை நிரந்தர நிதியாகச் சேர்க்கவும் சொன்னது. கனிமத்தை வருமானமாகப் பார்க்காமல் முதலாகப் பார்த்த தீர்ப்பு அது.

2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. பழைய குத்தகைகள் அரசுரிமைத் தொகையில் (ராயல்டி) 30 விழுக்காட்டையும், ஏலத்தில் வந்தவை 10 விழுக்காட்டையும் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஏற்பாடு நல்லது. பணம் குழிக்கு அருகில் வாழ்கிறவர்களைச் சென்றடைகிறதா என்பதை ஊராட்சிதோறும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூடலைப் பற்றி எப்போது யோசிக்க வேண்டும்?

முதல் கோர் பெட்டியைத் திறக்கும்போதே. கந்தகம் கலந்த கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலத்தைக் கசியவிடும், அந்த அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். எந்தப் பாறை அமிலம் தரும், எந்தப் பாறை அதைத் தணிக்கும் என்பதை ஆய்வுக் கோரிலேயே சோதித்துவிடலாம், அதற்கென்று தனியே ஒரு துளைகூடத் தேவையில்லை. செறிவை மட்டும் சோதித்துவிட்டு இதை விட்டுவிடுவது, மருத்துவர் எடையை மட்டும் பார்த்து இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் அனுப்புவதற்குச் சமம்.

கோலாரில் சுரங்கம் நின்று இருபது ஆண்டுக்கும் மேல் ஆன பின்னும், தங்கத்தைப் பிரித்தெடுத்த கழிவுத்தூள் மேடுமேடாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் அவற்றைச் சயனைடு மேடுகள் என்கிறார்கள், காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் படிகிறது. பிரேசிலின் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று இரும்புச் சுரங்கக் கழிவுச்சேற்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். கழிவை எங்கே, எப்படி வைப்பது என்பது மதிப்பீட்டின் நடுவில் இருக்க வேண்டிய கேள்வி, பின்னிணைப்பில் அல்ல.

மேலூரில் எங்கே தவறு நேர்ந்தது?

நாயக்கர்பட்டித் தொகுதியின் பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரிலேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பரப்பு தொகுதிக்குள் வந்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளும், மலையிலிருந்து இறங்கும் நீரால் நிறையும் கண்மாய்களும் உள்ள இடம் அது. தேடுதலையும் வெட்டுதலையும் ஒன்றாகத் தரும் கூட்டு உரிமத்துக்கு ஏலம் விடப்பட்டதால், எவ்வளவு டங்ஸ்டன் என்பதே விரிவாக அளக்கப்படாத நிலை. ஜி அச்சு தொடக்கத்தில் நின்றது. ஈ அச்சைப் பற்றி ஊரில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஊர்மக்கள் திரளாக மதுரைக்கு நடந்தே சென்றார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்குள்ள கண்மாய்களையும் கல்வெட்டையும் வரைபடத்தில் தொடக்கத்திலேயே குறித்திருந்தால், துறையின் உழைப்பும் மக்களின் அச்சமும் இரண்டுமே மிச்சமாகியிருக்கும். வரைபடம் வரையத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆகவே இந்தத் தவறில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் டங்ஸ்டனே வேண்டாமா?

வேண்டும். பாறையைத் துளைக்கும் முனையிலிருந்து லேத் பட்டறையின் வெட்டுளி வரை டங்ஸ்டன் கார்பைடு இல்லாமல் வேலை நடக்காது, நாம் அதற்கு வெளிநாடுகளையே பெரிதும் நம்பியிருக்கிறோம். தேவை என்பது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் ஆகாது, அவ்வளவே. தேய்ந்த வெட்டுமுனைகளைத் திரட்டி மீண்டும் பயன்படுத்துவதும் ஒரு வளம்தான்.

எங்கள் ஊரில் ஆய்வு நடக்கிறது. நாங்கள் எதையெல்லாம் கேட்டுப் பார்க்கலாம்?

முதலில் ஆய்வின் நிலை ஜி4ஆ, ஜி2ஆ என்று கேளுங்கள். அது தெரியாமல் ஆதரவும் எதிர்ப்பும் இருட்டில் கல்லெறிவதாகவே முடியும். துளையிட்ட இடங்களின் வரைபடத்தையும், துளைகள் முறையாக அடைக்கப்பட்டனவா என்ற பதிவையும் கேளுங்கள். அடைக்காத துளை, மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கவிடும். அரசுத் துறைகளிடம் உள்ளவற்றை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம்.

சுரங்கத் திட்டம் என்று வந்துவிட்டால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் இந்தக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது, தமிழ்நாடு அதை எதிர்த்தது. கேட்கிற வழி குறுகும்போது ஊரின் கையில் சொந்தப் பதிவுகள் இருப்பது முன்னைவிட அவசியமாகிறது.

அறிக்கைகளில் நீர்மட்டத் தரவு பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்ததாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நம் ஊர்க் கிணறுகள் தையில் காட்டும் மட்டம் வேறு, சித்திரையில் காட்டும் மட்டம் வேறு, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது மாறும். ஆகவே இன்றே ஊரில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, மாதத்தின் முதல் நாள் காலையில், மோட்டார் போடுமுன், கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த விளிம்பிலிருந்து அளந்தீர்கள் என்பதற்குச் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள்.